அண்ணன் கார் குடித்த தண்ணீர்

என் அண்ணனைப் பழிவாங்குவது என்று நான் முடிவெடுத்த இடம் ஒரு வேதக்கோயில் வாசல். நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பூர்வீக ஊர். விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கிற அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, சபையார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அது நடந்தது. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லி அன்றைக்குப் பிரசங்கமும் இருந்தது. அண்ணன் விஷயத்தில் அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

நான் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலேறுகிற உப்பில் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா என்னோடு இருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரி, பல் ஆஸ்பத்திரி, ஞாயிறு ஆராதனை, துக்க வீடு, கல்யாண வீடு என்று வருஷம் முழுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறது நானும் என் காரும்தான். சின்ன டர்போ கார், வெள்ளை நிறம். அண்ணன் அதே ஊரில், துறைமுகத்துக்குப் போகிற பக்கம், பத்து நிமிஷத் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். அந்தப் பத்து நிமிஷத்தைக் கடந்து வர அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் பண்டிகை அன்றைக்கு மட்டும் கிடைத்துவிடும். ஊர்க் கோயிலுக்கு அம்மா மகனுடைய காரில்தான் போய் இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாற்றிப் பார்த்தவர்களும் இல்லை. மகன் இருக்கையில் மகள் காரில் வந்தால், மகன் பார்க்கவில்லை போல என்று ஊர் பேசும். அதனால் அண்ணன் காலையில் வந்து வாசலில் ஹாரன் அடிப்பான். பட்டுச்சேலையும் பைபிளுமாக அம்மா போய் முன் சீட்டில் உட்காருவார்கள். கோயிலில் ஏலம் விடுவதற்கு நாங்கள் படைக்கிற வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய் மூட்டை, மதினியின் பைகள் எல்லாம் என் காரில் ஏறும். அம்மாவுக்கு மகன் கார், பூசணிக்காய்க்கு மகள் கார்.

அந்த வருஷம் பாரம் கொஞ்சம் அதிகம். முக்காணி தாண்டி ஒரு பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்துவதற்கு மிதித்தால் கார் யோசித்து யோசித்துக் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் குடும்பப் படம் எடுத்து முடித்திருந்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"பாத்தீங்களா, அவ காருக்கு மூச்சு வாங்குது. பொம்பள ஓட்டினா டர்போவுக்கே தூக்கம் வந்திரும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சொன்னது எனக்குப் பெரிதில்லை. அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான். கூட்டத்தில் அம்மாவும் சிரித்தார்கள். முந்தாநாள் என் காரில் போய்ச் சரிசெய்துகொண்டு வந்த பல்செட்டை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பண்டிகைக்காவது இந்த அம்மா என் காரின் முன் சீட்டில் வந்து இறங்க வேண்டும், அதை இவன் பார்க்க வேண்டும் என்று அந்த வாசலில் நின்று நினைத்துக்கொண்டேன்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பகைக்கு அது பொருந்தாது. அடுத்த வாரமே எட்டயபுரம் சாலையில் ஒரு பட்டறைக்குப் போனேன். மூச்சு வாங்குகிறது என்றானே, முதலில் அந்த மூச்சைச் சரிசெய்வோம் என்று தோன்றியது. பட்டறைத் தம்பிக்கு நான் வந்ததில் ஆச்சரியம். பையன்கள்தான் இதற்கெல்லாம் வருவார்களாம்.

"அக்கா, கம்பெனி ஃபில்டர் பெட்டியைத் தூக்கிருவோம். அந்த எடத்துல தொறந்த ஃபில்டர் ஒண்ணு மாட்டிருதேன். சத்தம் சும்மா கும்முனு இருக்கும்," என்றான்.

"சத்தம் எனக்கு வேண்டாம். பஸ்ஸ முந்தணும்."

"சத்தம் வந்தா முந்தின மாதிரியே இருக்கும்க்கா," என்றான்.

அவசரத்தில் சரி என்றேன். பானெட்டுக்குள் கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டர் வந்து உட்கார்ந்தது. காலையில் காருக்கு ஒரு துள்ளல் இருந்தது உண்மை. பகலில் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசலில் நின்றால் முன்னைவிட மோசம். யோசித்தால் புரிந்துவிடும். எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் அது அடுப்படிக் காற்றைத்தான் இழுக்கும். தூத்துக்குடி வெயிலில் அந்தக் காற்றும் கொதிக்கும். குளிர்ந்த காற்றில்தான் டர்போவுக்குப் பலம். சில வாரத்தில் இன்னொன்றும் வந்தது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய்ப் பஞ்சு முழுக்க ஒரு பிசுபிசுப்பு. நான் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, வைக்காமலே தெரியும். உப்பளத்து ரோட்டில் பறக்கிற உப்புத்தூள் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிட்டிருந்தது. துறைமுகத்து நிலக்கரித் தூள் அதன்மேல் வந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரும் அழுக்கு. சிக்னலில் நின்றால் வண்டி இருமியது. அண்ணன் சொன்னதை என் செலவிலேயே உண்மையாக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியது.

இரண்டாம் தடவை நான் படம் வரைந்துகொண்டு போனேன். எண்ணெய் போடாத காய்ந்த ஃபில்டர், அதை மூடிய ஒரு பெட்டி, வளைவு குறைந்த பெரிய பைப்பு. காற்று எடுக்கிற வாய் முன் கிரில்லுக்குப் பின்னால், எஞ்சின் சூடு படாமல், எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில்.

"எதுக்குக்கா மேல? கீழ பம்பருக்குள்ள எறக்கிட்டா இன்னும் நல்லாக் குளுந்த காத்து கிடைக்கும். எல்லாரும் அங்கனதான் வைக்கானுவ."

"மழை பெஞ்சா?"

"நம்ம ஊர்ல மழை எங்க பெய்யுது," என்று சிரித்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்லுகிற வார்த்தை இது. உப்பு விளைகிற ஊரில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளுகிற கூட்டம்தான் அதிகம். பத்து மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரம் கொட்டித் தெருவெல்லாம் குளமாகும். வடிந்த மறுநாளே எல்லோரும் மறந்துவிடுவார்கள். மழை வந்தால் உப்பு கரைகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த மறதி வராது. மேலேதான் வைக்க வேண்டும் என்றேன். வைத்தான்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வேம்பார் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உப்புக் குவியல், நடுவில் காலியான ரோடு. ராக்கெட் ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காற்றுக் குழாயை மாற்றினால் காருக்கு இன்னொரு எஞ்சின் முளைத்துவிடாது. ஆனால் மிதித்ததும் யோசிக்கிற அந்தத் தயக்கம் போயிருந்தது. மிதிக்கையில் உள்ளே காற்றை உறிஞ்சுகிற சத்தமும், காலை எடுத்தால் டர்போ விடுகிற பெருமூச்சும் நன்றாகக் கேட்டன. முன்னால் போன பஸ்ஸை முந்தினேன். அடுத்ததையும் முந்தினேன். மூன்றாவதாக முந்துவதற்கு ஏதாவது வராதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை.

அண்ணன் காதுக்கு அந்தச் சத்தம் போய்ச் சேர நாளாகவில்லை. ஒரு சாயங்காலம் அதிசயமாக வீட்டுக்கு வந்தான்.

"ஏளா, காருக்கு என்ன ஆஸ்துமாவா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினான். சாவியை மேசையில் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. எதையாவது பார்த்து அவன் ஒன்றும் சொல்லாவிட்டால், அது அவனுக்கும் வேண்டும் என்று அர்த்தம். தன் காரையே அப்படித்தான் வாங்கினான். நான் வாங்கிய அடுத்த மாதம் அதே கம்பெனி, அதே கார், அதைவிட மேலான ரகம், சிவப்பில்.

அந்த வாரமே அவன் அதே பட்டறைக்குப் போனது அந்தப் பட்டறைப் பையன் மூலம் தெரிந்தது. இங்கே என் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எதைச் செய்யாதே என்றாலும் அதைச் செய்வான். சின்ன வயதில் முயல் தீவுக் கடற்கரையில் கரை ஒதுங்கிக் கிடந்த சொறிமீனைத் தொடாதே, அரிக்கும் என்றேன். இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு அழுதான், அதற்கு அடி வாங்கியது நான். இத்தனை வருஷத்தில் அவன் என் சொல் கேட்டு நடந்ததாக ஒரு காரியம்கூட எனக்கு நினைவில்லை.

அதனால் போன் போட்டேன். நல்ல தங்கச்சியாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

"அண்ணே, காத்துக் குழாயக் கீழ வைக்காத. பண்டிகை மழைக்காலத்துல வருது. தண்ணில விட்டா எஞ்சின் தண்ணியக் குடிச்சிரும். மேல வச்சுக்க."

"நீ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்? உப்பக் கிண்டுதவளுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்? போனை வையி."

வைத்தேன். சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. அத்தனையும் உண்மை, அத்தனையும் அவன் நன்மைக்கு. சில பேருக்கு உண்மையைச் சொல்லுவதைவிடப் பெரிய பழிவாங்கல் இல்லை. மறுநாள் பட்டறைத் தம்பி போன் செய்தான். "அக்கா, நீங்க சொன்னத நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். என் தங்கச்சி எங்க வச்சிருக்காளோ அங்க வைக்காத, கீழ எறக்குன்னு ஒரே முட்டா நிக்காரு," என்றான். நீ உன் வேலையைப் பார் தம்பி என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

பண்டிகை வந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. அன்றைக்குக் காலையில் மட்டும் வெயில் எட்டிப் பார்த்தது. சிவப்புக் கார் வந்து ஹாரன் அடித்தது. அம்மா பட்டுச்சேலையில் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மதினி பின்னால். வாழைத்தாரும் பூசணிக்காயும் வழக்கம்போல என்னிடம். பெரிய பூசணிக்காய், நான்தான் மார்க்கெட்டில் தேடி எடுத்தது. கிளம்பும்போது அண்ணன் கண்ணாடியை இறக்கி, "மெதுவா வா, ஏலத்துக்குள்ள வந்து சேரு," என்றான்.

பழையகாயல் தாண்டுகிறவரை அவன் கார் கண்ணுக்குத் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. நான் அவசரப்படவில்லை. முக்காணியிலிருந்து ஏரல் பக்கம் திரும்பி, கொற்கை வயல்களை ஒட்டிப் போகையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். குளம் மறுகால் பாய்ந்து, மிஞ்சிய தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழேதான். ஒரு பஸ் அப்போதுதான் அதைக் கடந்து போயிருந்தது. இந்தப் பக்கம் சிவப்புக் கார் நின்றது. அண்ணன் யோசிக்கிறான் என்று தெரிந்தது. பின்னால் நான் வருவதைக் கண்ணாடியில் பார்த்தான். பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டான்.

மெதுவாகப் போயிருந்தால்கூடப் போயிருக்கும். அவன் வேகமாக விட்டான். இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு மாதிரி எழும்பியது. முன்னால் பம்பருக்கு மேலே அலை ஏறியது. கரை ஏற இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் கார் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. பிறகு சாவியைத் திருப்புகிற சத்தம். ஒரு முறை, இன்னொரு முறை. தண்ணீர் குடித்த எஞ்சினைத் திருப்பக் கூடாது, உள்ளே பிஸ்டன் கம்பி வளைந்துவிடும். கத்திச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் இன்னும் நாலு தடவை திருப்புவான். சும்மா இருந்தேன்.

வயலில் நின்றவர்கள் இறங்கித் தள்ளிக் காரைக் கரையேற்றினார்கள். நான் முதல் கியரில், காலைச் சீராக வைத்து, நடக்கிற வேகத்தில் தண்ணீருக்குள் இறங்கினேன். சக்கரம் பாதி முங்கியது. கார் மேலே வாயை வைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டபடி கடந்தது. சிவப்புக் காருக்குப் பக்கத்தில் போய் நிறுத்தி, உள்ளேயிருந்து முன் கதவைத் திறந்துவிட்டேன்.

"அம்மா, இங்கன வாங்க."

அம்மா அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் பேண்ட்டெல்லாம் நனைந்து நின்றான். "போங்கம்மா, ஆராதனைக்கு நேரமாச்சுல்லா," என்று மட்டும் சொன்னான். அம்மா வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மதினி பின்னால் ஏறினாள். வாழைத்தாரை நடுவில் சாய்த்துவிட்டு அண்ணனும் ஏறினான். பூசணிக்காய்க்கு இடமில்லை. அதை அவன் மடியில் வைத்தேன்.

அங்கிருந்து ஊர்வரை நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, என் ஆயுசில் அதுதான் ஓட்டம். பஸ்ஸை முந்தினேன், டிராக்டரை முந்தினேன். வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அந்த உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்கண்ணாடியில் பூசணிக்காயும் அதற்குமேல் அண்ணன் முகமும் தெரிந்தன.

"மூச்சு சரியா வாங்குதாண்ணே?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றான்.

கோயில் வாசலில் நிறுத்தினேன். போன தடவை சிரித்த அதே கூட்டம் நின்றது. அம்மா முன் கதவிலிருந்து இறங்கினார்கள். இதற்காகத்தான் இத்தனை நாளும். பெரியம்மா ஒருத்தி வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வழியெல்லாம் தண்ணியாமே, எப்பிடி வந்த? மவன் கூட்டிட்டு வந்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார்கள் அம்மா. "அவன்தான் பத்திரமாக் கொண்டுவந்து சேத்தான்."

நான் கையில் கார் சாவியோடு நின்றேன். அண்ணன் மறுத்துப் பேசுவான் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அவன் பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு, "எல்லாம் கர்த்தர் கிருபை," என்றான். படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அண்ணன் அம்மாவுக்கு நேர் பின்னால் நின்றான், பேண்ட் நனைந்தது தெரியாத மாதிரி பின் வரிசையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கோயிலில் எல்லோருக்கும் பொங்கிப் போடுகிற அசனச் சோறும் இருந்தது, பூசணிக்காயும் இருந்தது.

கோபத்தில் பட்டினி கிடக்கிற ஜாதி இல்லை நான். ஆராதனையில் உட்கார்ந்து பாடினேன், பந்தியில் உட்கார்ந்து அசனம் சாப்பிட்டேன், கத்தரிக்காய் மாங்காய்க் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ஏலத்தில் எங்கள் பூசணிக்காய் வந்தது. நான் கேட்டேன். அண்ணன் வழக்கம்போல் என்னைவிடக் கூட்டிக் கேட்டான். நான் விடவில்லை. கடைசியில் மதினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பூசணிக்காயைக் கொண்டுபோய் என் காரின் முன் சீட்டில் வைத்தேன். அந்தக் கனத்துக்கு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் பீப் பீப் என்று கத்தியது. பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். அம்மா தூக்குச்சட்டியில் அசனச் சோறோடு வந்து கதவுக்கு வெளியே நின்றார்கள்.

"அத எடுத்துப் பின்னால வையி. நான் எங்க உக்கார?"

"மகன்தானம்மா உங்களக் கூட்டிட்டு வந்தான். அவனே கூட்டிட்டுப் போவான்."

அம்மாவின் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்தும் என் மனசு இளகவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. வண்டியை எடுத்தேன். கோயில் வாசலில் முடிந்த மட்டும் மிதித்தேன். சத்தம் கேட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போகையில் டர்போ ஒரு பெருமூச்சு விட்டது.

ரோட்டில் தண்ணீர் கூடியதால் பஸ்களைத் திருச்செந்தூர் வழியாகச் சுற்றி விட்டார்களாம். அம்மா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. பின்னால் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களைக்குப் போனார்கள். பூசணிக்காய்க் கூட்டு வைத்திருந்தேன். தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள்.

"உப்பு கூடிப்போச்சு," என்றார்கள்.

உப்பு பார்ப்பது என் வேலை. அது சரியாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு எஞ்சினைப் பிரித்து மாற்ற வேண்டி வந்தது. இப்போது காற்றுக் குழாயை மேலே வைத்திருக்கிறானாம், அது அவனே கண்டுபிடித்ததாம்.

அடுத்த பண்டிகைக்கும் அவன் வந்து ஹாரன் அடித்தான். நான் என் காரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை. அம்மா பைபிளோடு வாசலில் இறங்கி இரண்டு காரையும் பார்த்தார்கள். பிறகு என் காருக்கு வந்து, முன் கதவைத் தாங்களே திறந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்கள்.

கோயில் வாசலில் அதே பெரியம்மா வந்து, "மவன் கூட்டிட்டு வந்தானா?" என்று கேட்டாள்.

"மகதான் கூட்டிட்டு வந்தா," என்றார்கள் அம்மா. பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. கேக்காம மறுபடி மவனான்னு கேட்டியன்னா, எனக்குப் போன வருஷம் மாதிரி திரும்பிப் போவ பஸ்ஸுதான்."

பின்னால் சிவப்புக் கார் வந்து நின்றது. அந்த வருஷம் பூசணிக்காய் அதில்தான் வந்து இறங்கியது.